காண்டலும் கருதலும்

பொருள்களை அறியும் வழிகளை அளவைகள் என்று வகுத்தனர் நம் முன்னோர். வஞ்சி மாநகரிற் பல சமயத்தாரையும் கண்டு அவரவர் கொள்கையை வினவிய மணிமேகலைக்கு அளவைவாதி எடுத்துரைப்பனவற்றுள் முதல் நிற்பன காண்டலும் கருதலும் ஆம். கண் முதலிய பொறிகளால் ஒன்றை நேரே அறிவது காண்டல். கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றை உய்த்துணர்வது கருதல். மலைமேற் புகையைப் பார்த்தேம் என்பது காண்டல். ஆதலின் அங்கே நெருப்பு உண்டு என்பது கருதல். புகையென நாம் எண்ணியது பனிமூட்டமாகவும் இருத்தல் கூடும். ஆகவே கருதல் பிழைபட இடமுண்டு. காண்டல் பிழைபட இடம் அத்துணை இல்லை. கருதுவோன் தான் கண்டது இன்னதென வெளிப்படக் கூறுவானாயின், அவன் கருத்துச் சரியோ தவறோ என்பதைக் கேட்போரும் ஆராய்ந்து தெளியலாம்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஒருவனுடைய உயிரும் மானமும் நிலமும் ஒரு சாட்சியின் சொல்லைப் பற்றி நிற்கும் நீதிமன்றத்தில், நாள்தோறும் எழும் வினா இதுவே: இவர் சொல்வது கண்டதா, கருதியதா? கருதியதாயின், அவ்வாறு கருதுதற்கு இவர் தகுதியுடையவரா? கருதியதற்குக் காரணம் யாது? சட்டக் கல்லூரி மாணவர்க்கு உரிய பொருளைத் தமிழ் பயிலும் யாம் எடுத்தது ஏன் என்று சிலர் கேட்கலாம். யாம் பாடமாகக் கற்கும் பெருங்காப்பியம் ஒன்றின் கதையே, தவறான கருத்துரை ஒன்றை அரசன் நம்பியதால் விளைந்த கதையாகும். அன்றியும், எம் பிறந்தகமாகிய தருமபுரி மாவட்டம், சாட்சியின் சொல்லுக்கு உள்ள மதிப்பை நாடு முழுவதும் அறியச் செய்த வழக்கொன்று நடந்த இடமாகும். இவ்விரண்டும் எம்மை இப்பொருளின்கண் ஈர்த்தன.

முதற்கண் பொதுவிதியை அறிவோம். இந்திய நாட்டிற் சாட்சியம் பற்றிய சட்டத்தை 1872ஆம் ஆண்டில் வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்னும் ஆங்கில அறிஞர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வழங்கிய அச்சட்டத்தின் இடத்தில், 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டுப் பாரதிய சாக்ஷிய அதிநியமம், 2023 என்னும் புதுச்சட்டம் வழங்கி வருகிறது. பெயரும் பிரிவின் எண்களும் மாறினவே யன்றி, யாம் ஈண்டுக் கூறப்புகும் கோட்பாடுகள் பெரிதும் மாறவில்லை. வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்பது புதுச்சட்டத்தின் 55ஆம் பிரிவு. காணத்தக்கதைக் கண்டவரே சொல்லல் வேண்டும். கேட்கத்தக்கதைக் கேட்டவரே சொல்லல் வேண்டும். ஒரு கருத்தைப் பற்றிய சாட்சியமாயின், அக்கருத்தை உடையவரே அதன் காரணத்தோடு வந்து சொல்லல் வேண்டும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். தருமபுரியினின்று அரூர் செல்லும் சாலையில் ஒரு பேருந்து மிதிவண்டிக்காரர் ஒருவர்மேல் மோதிற்று எனக் கொள்க. சாலையோரத்துத் தேநீர்க்கடையில் நின்றவர் சாட்சியாக வருகிறார். "மிதிவண்டி சாலையின் ஓரத்தில் இருந்தது, பேருந்துக்காரர் ஒலி எழுப்பவில்லை" என்று அவர் சொல்வாராயின், அது தூய காண்டல். "தவறு பேருந்துக்காரருடையதே" என்று சொல்வாராயின், அது கருதல். அதனைச் சொல்லுதற்கு உரியவர் நீதிபதியே யன்றித் தேநீர் அருந்த வந்தவர் அல்லர். சாட்சியே தீர்ப்பும் சொல்லிவிடின், நீதிபதி அமர்ந்திருக்கும் இருக்கை எதற்கு?

இனி, இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் சொற்களும் உள. "பேருந்து மிக விரைவாக வந்தது" என்கிறார் அவர். விரைவு என்பதை அவர் கருவிகொண்டு அளந்தாரல்லர்; எனினும் பார்த்த மாத்திரத்தில் யாவர்க்கும் தோன்றுவது அது. "ஓட்டுநர் குடித்திருந்தார்" என்கிறார். இது கருத்தே, ஆனால் வாயின் நாற்றம், நாவின் குழறல், நடையின் தள்ளாட்டம் ஆகிய பல காட்சிகளைத் திரட்டி ஒரு சொல்லில் அடக்கிய கருத்து. கிழவன் என்பதும், அழுதாள் என்பதும், அஞ்சினான் என்பதும் இத்தகையனவே. இவற்றை முற்றும் விலக்கினால் எளிய மனிதர் வாய்திறந்து பேசவே இயலாது. அமெரிக்க ஐக்கிய நாட்டு விதிகளுள் 701ஆம் விதி, இத்தகைய பொதுமக்கள் கருத்துரைக்கு மூன்று எல்லைகள் வகுக்கின்றது: அது சொல்பவருடைய சொந்தக் காட்சியினின்று இயல்பாக எழுதல் வேண்டும், வழக்கினைத் தெளிவதற்குத் துணை செய்தல் வேண்டும், சிறப்புக் கல்வியினாற் பெறும் அறிவைச் சார்ந்ததாக இருத்தல் கூடாது. குடித்திருந்தார் என்று தேநீர்க்கடையில் நின்றவர் சொல்லலாம். அவர் குருதியிற் கலந்த மதுவின் அளவு இவ்வளவு என்று சொல்லுதல் அவர்க்கு இயலாது. நம் சட்டத்தில் இவ்வாறு தனி விதி இல்லையாயினும், காட்சியின் சுருக்கமாகிய இத்தகைய சொற்களை நம் நீதிமன்றங்களும் ஏற்றே வருகின்றன. குறுக்கு விசாரணை செய்யும் வழக்குரைஞர் "எதனால் அவ்வாறு சொல்கிறீர்?" என்று கேட்பது, சுருக்கத்தை விரித்து உள்ளே இருக்கும் காட்சியை வெளிக்கொணர்தற்கே ஆகும்.

வேறு சிலவிடத்துப் பொதுமக்களின் கருத்தை நம் சட்டமே பெயர்சொல்லி வரவேற்கின்றது. ஒருவருடைய கையெழுத்தை நன்கறிந்தவர், இஃது அவருடைய எழுத்தே எனத் தம் கருத்தைக் கூறலாம் என்பது 41ஆம் பிரிவு. அவர் எழுதும்போது பார்த்தவரும், அவரோடு கடிதப் போக்குவரவு உடையவரும், தொழில்முறையில் அவர் எழுத்தை வழக்கமாகக் காண்பவரும் நன்கறிந்தவர் எனப்படுவர். இதற்குப் பட்டமோ பதவியோ வேண்டுவதில்லை, பழக்கமே தகுதி. பொது வழக்கம் அல்லது பொது உரிமை ஒன்று உண்டா என்னும் வினா எழுந்தால், இருப்பின் அதனை அறிந்திருக்கக் கூடியவர்களின் கருத்தைக் கேட்கலாம் என்பது 42ஆம் பிரிவு. ஓர் ஊரார் ஒரு கிணற்றில் நீரெடுக்கும் உரிமையைச் சட்டம் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவது நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வூர்ப் பாட்டியின் சொல் அங்கே அறிஞர் சொல்லினும் மேம்பட்டது. இருவர் உறவினரா என்பதற்கு, குடும்பத்தாரும் அவர்களை நன்கறிந்த பிறரும் தம் நடத்தையாற் காட்டிய கருத்துப் பொருந்தும் என்பது 44ஆம் பிரிவு. கணவன் மனைவியராக நண்பர் யாவரும் இருவரை ஏற்று நடத்தினர் என்பது அவர்தம் மணத்திற்குச் சான்றாகும். ஆயினும் மணவிலக்கு வழக்கு முதலியவற்றில் அஃதொன்றே போதாது எனச் சட்டம் எச்சரிக்கையும் செய்கின்றது.

இக்கையெழுத்து ஒப்புநோக்கும் முறை மேனாட்டினின்று நமக்கு வந்த புதுமை என்று எண்ணற்க. சுந்தரரைத் திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் ஆட்கொண்ட வரலாற்றைச் சேக்கிழார் பாடும்போது, ஒரு வழக்கு மன்றத்தையே நம் கண்முன் நிறுத்துகிறார். மணப்பந்தரில் வந்த முதியவர், சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். அவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிகிறார். அது படியோலையே, மூலவோலை உண்டு என்கிறார் முதியவர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் வழக்கை மெய்ப்பிக்க வேண்டும் என்கின்றனர் அவையத்தார். ஈண்டுச் சாட்சியம் என்பதற்குக் காட்சி என்னும் சொல் நிற்றலை நோக்குக. அயலார் கருதியது அன்று, அயலார் கண்டதே அவைக்கு வேண்டுவது. மூலவோலை வந்தபின்னும் அவையத்தார் உடனே தீர்ப்புரைத்தாரல்லர். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்தினின்று வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே தெளிந்தனர். ஐயத்திற்கு உரிய எழுத்தை ஒப்புக்கொண்ட எழுத்தோடு நீதிமன்றமே ஒப்பிட்டு நோக்கலாம் என்னும் இன்றைய விதியும் இதுவே. முதியவர் யார் என்பதைச் சேக்கிழார் அறிவார், நாமும் அறிவோம், அவையத்தார் அறியார். இறைவனே வழக்காடி வந்தவிடத்தும், சான்று காட்டியே வென்றான் என்று பாடியது எத்துணைச் சிறந்த நீதி!

நிற்க. பழக்கத்தாலும் பொது அறிவாலும் தெளிய முடியாத வினாக்கள் பல உள. இறந்தவர் உண்டது நஞ்சா? உடலிற்கண்ட காயம் வீழ்ந்ததனால் வந்ததா, அடித்ததனால் வந்ததா? இவ்விரல் அடையாளம் இவருடையதா? இங்கே நீதிபதியும் நம்மைப் போற் பொதுமனிதரே. ஆதலின் அயல்நாட்டுச் சட்டம், விஞ்ஞானம், கலை அல்லது வேறு எந்தத் துறையிலும், கையெழுத்து, விரல்ரேகை ஆகியவற்றிலும் சிறப்புத் திறமை உடையோரின் கருத்தைக் கேட்கலாம் என 39ஆம் பிரிவு இசைவு தருகின்றது. வேறு எந்தத் துறையும் என்னும் சொற்கள் புதுச்சட்டம் சேர்த்தவை.

நிபுணர் கருத்துக்கு ஆங்கில நீதிமன்றம் தெளிவான இடம் தந்த பழைய வழக்கு 1782ஆம் ஆண்டிற்கு உரியது. இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையிலுள்ள வெல்ஸ் என்னும் துறைமுகம் மணல்மூடித் தூர்ந்து வந்தது. அருகே எழுப்பிய கரையினாலேயே அது தூர்ந்தது என்றனர் ஒரு சாரார். எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய ஜான் ஸ்மீட்டன் என்னும் பொறியியல் வல்லுநர், காரணம் அக்கரை அன்று எனக் கருத்துரைக்க வந்தார். கருத்துச் சாட்சியம் ஆகுமா என்னும் தடை எழுந்தது. மெய்ப்பிக்கப்பட்ட செய்திகளின்மேல் அறிவியலார் கூறும் கருத்து ஏற்கத்தக்கதே என்று மான்ஸ்ஃபீல்டு பிரபு முடிவு செய்தார். நம் சட்டத்தின் 40ஆம் பிரிவிலும் ஒரு துறைமுகம் எடுத்துக்காட்டாக வருகின்றது: ஒரு துறைமுகம் குறிப்பிட்ட கடற்சுவரினால் தூர்ந்ததா என்பது வினாவாயின், அத்தகைய சுவரில்லாத பிற துறைமுகங்களும் அக்காலத்திலேயே தூரத் தொடங்கின என்பது பொருத்தமான செய்தி என்கின்றது அது. நிபுணர் கருத்தைத் தாங்கும் செய்திகளையும் தகர்க்கும் செய்திகளையும் நீதிமன்றம் கேட்கும் என்பது இதன் பொருள். எத்துணைப் பெரிய வல்லுநர் சொல்லும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதன்று.

நிபுணர் என்பவர் யார்? 1999ஆம் ஆண்டில் இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் பழங்களைப் பற்றி வந்த ஜெய்லால் வழக்கில், உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. அத்துறையிற் சிறப்பாகக் கற்றவர் அல்லது சிறப்பான அனுபவம் பெற்றவர் என்று முதலில் மெய்ப்பிக்க வேண்டும். அவர் செய்தியைக் கூறும் சாட்சி அல்லர்; அறிவுரை கூறும் சாட்சி. தம் முடிவை மட்டும் கூறி அமையாமல், அம்முடிவைச் சரிபார்த்தற்கு வேண்டிய அளவுகோலை நீதிபதியின் கையில் தருதல் அவர் கடமை. கருத்துப் பொருந்துமிடத்து அதன் காரணங்களும் பொருந்தும் என்னும் 45ஆம் பிரிவும் இதனையே வற்புறுத்துகின்றது. தாம் செய்த சோதனைகளை அவர் விரித்துரைக்கலாம். கணக்கிற்கு விடையை மட்டும் எழுதும் மாணவனுக்கு ஆசிரியர் முழு மதிப்பெண் தருவதில்லை. வழியையும் காட்டு என்பார். நீதிமன்றமும் நிபுணரிடம் வழியையே கேட்கிறது.

எல்லாத் துறையும் ஒரே உறுதி உடையன அல்ல. விரல்ரேகை ஆராய்ச்சி நம் நாட்டில் தொன்மை உடையது. 1897ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் நிறுவப்பட்டது. அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர் அங்கே ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தனர். கையெழுத்து ஆராய்ச்சியோ அத்துணை உறுதி பெற்றதன்று. ஒருவரே காலையில் எழுதுவது போல மாலையில் எழுதுவதில்லை. பிறர் எழுத்தைப் பார்த்து எழுதுவோரும் உளர். எனவே, கையெழுத்து நிபுணர் கருத்தொன்றையே நம்பித் தண்டித்தல் பாதுகாப்பன்று என்று 1977ஆம் ஆண்டில் மகன் பிகாரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. 1980ஆம் ஆண்டில் முராரிலால் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, வேறு துணைச் சான்று இன்றி அக்கருத்தை ஒருபோதும் ஏற்கலாகாது என்னும் கடுவிதி இல்லை யென்றும், காரணங்களை எச்சரிக்கையோடு ஆராய்ந்து நம்பத்தக்கதாயின் ஏற்கலாம் என்றும் விளக்கினார். இரண்டையும் சேர்த்து நோக்கின், நிபுணரை வணங்கவும் வேண்டா, இகழவும் வேண்டா, ஆராய்க என்பதே பெறப்படும்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமையும் உண்டு. இந்தியாவிலேயே முதலாவதான இரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849ஆம் ஆண்டிற் சென்னையில் அமைந்தது. நஞ்சுண்டு இறந்தார் என்று ஐயுறப்பட்டோர் உடலின் பகுதிகளை ஆராய்ந்து கூறுதல் அக்கூடத்தின் பணிகளுள் ஒன்று. இத்தகைய அரசாங்க அறிவியல் நிபுணர் சிலரின் அறிக்கையை அவர் நேரில் வாராமலே சான்றாகக் கொள்ளலாம் எனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடந்தருகின்றது. எனினும் தக்கதெனக் கருதினால் அவரை அழைத்து விசாரிக்கவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. அறிக்கைத் தாளைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. மனிதரையே செய்ய முடியும்.

இனி, ஆராயாது கருத்துரையை நம்பினால் விளைவது யாதென்பதற்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை. கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே, கோவலன் கையிற்கண்ட சிலம்பை அரசியினுடையது என்று அரசனிடம் கூறுகிறான். அணிகலத் தொழிலில் அவன் வல்லவன், அரண்மனையிற் பேர்பெற்றவன். அவன் சொல் நிபுணர் சொல். அரசனும் காரணம் கேளாது காவலரை ஏவினான். கொலைக்குச் சென்ற காவலர் கோவலனைக் கண்டு, இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே என்றனர். அவர் சொல்லியது பொதுமக்கள் கருத்து. பொற்கொல்லன் அவர்களை எள்ளிநகைத்து, மந்திரம், மருந்து, நிமித்தம் முதலாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று களவு நூலே ஓதுகிறான். கல்லாத காவலர் வாயடைத்தனர். அவருள் ஒருவன் வாளை வீசினான்.

இங்கே நாம் உற்றுநோக்க வேண்டுவது ஒன்று உண்டு. காவலர் கருத்து உண்மையாயினும், முகத்தைப் பார்த்துக் கள்வனல்லன் என்பது உறுதியான சான்று ஆகாது. நல்ல முகமுடைய கள்வரும் உளர். பொற்கொல்லன் ஓதிய நூலோ, கள்வர் பொதுவாக எவ்வாறு திருடுவர் என்பதைக் காட்டுமே யன்றி, இவன் திருடினான் என்பதைச் சிறிதும் காட்டாது. இருவரும் கருதினரே ஒழிய, எவரும் சிலம்பைத் திறந்து காணவில்லை. அதனைக் கண்டவள் கண்ணகி ஒருத்தியே. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். அரசியின் சிலம்பிற் பரல் முத்து என்கிறான் அரசன். சிலம்பு உடைகின்றது; மாணிக்கம் தெறிக்கின்றது. ஒரு நொடியிற் செய்திருக்கத் தக்க சோதனை, ஓர் உயிர் போனபின் நடந்தது. பொற்கொல்லன் கலையில் வல்லவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வழக்கில் அவன் நடுநிலையாளன் அல்லன். திறமை வேறு, நடுநிலை வேறு. நிபுணரை நோக்கி நீதிமன்றம் கேட்க வேண்டிய வினாக்களுள், இவ்வழக்கில் உமக்கு என்ன பயன் என்பதும் ஒன்றாம்.

நிபுணர் தம் எல்லை கடந்து பேசுதலும் கேடு பயப்பதே. மானபங்க வழக்குகளில், துன்புற்ற பெண்ணை மருத்துவர் விரலாற் சோதித்து, அவளுடைய முன்னொழுக்கத்தைப் பற்றிக் கருத்தெழுதும் கொடிய வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. அஃது அறிவியலும் அன்று, வழக்கிற்குப் பொருந்துவதும் அன்று. உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் அதனைக் கண்டித்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலிற் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனைத் தடைசெய்யுமாறு அரசுக்குக் கட்டளையிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அதனைச் செய்வோர் ஒழுங்கீனக் குற்றம் புரிந்தவராவர் என்று உறுதியாகக் கூறிற்று. காயத்தைக் கண்டு காயம் என்று எழுதுதல் மருத்துவர் தொழில். கற்பை அளத்தல் அவர் தொழில் அன்று. கண்ணால் கண்டோர் சொல்லும் மருத்துவர் கருத்தும் மாறுபடுமிடத்து, மருத்துவச் சான்று அந்நிகழ்ச்சியே நடந்திருக்க இயலாது என்று காட்டினாலன்றிக் கண்டோர் சொல்லே மேம்படும் என்பதும் உச்ச நீதிமன்றம் பலகாலும் வகுத்த நெறியாகும்.

இவ்வளவும் கூறியபின், எம் மாவட்டத்து வழக்கிற்கு வருவோம். அரூரை அடுத்துச் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் சிற்றூர் உளது. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், கடத்தப்பட்ட சந்தனக் கட்டையைத் தேடுவதாகக் கூறி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறையினரும் அவ்வூரிற் புகுந்தனர். மக்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்டனர், வீடுகள் சிதைக்கப்பட்டன, கிணற்று நீரும் பாழாக்கப்பட்டது. பெண்கள் பதினெண்மர் மானபங்கம் செய்யப்பட்டனர். துன்புற்றோரே குற்றவாளிகளாகச் சிறை சென்றனர். ஊரார் யாவரும் கடத்தற்காரர் என்பது அன்று அதிகாரிகள் சொன்ன சொல். அது கண்டது அன்று, கருதியது. ஓர் ஊரையே ஒரு கருத்தினால் தண்டித்தனர்.

அம்மக்களிடம் பட்டமும் பதவியும் இல்லை, நூலறிவும் இல்லை. எதிர் நின்றவரோ அரசாங்கத்தார். அவருள் இந்திய வனப்பணியைச் சேர்ந்த உயர் அதிகாரிகளும் இருந்தனர். அம்மக்கள் கையில் இருந்தது ஒன்றே: தாம் கண்டது, தம் உடலில் உற்றது. எவர் வந்தார், எங்கே நிறுத்தினார், எங்கே கொண்டு சென்றார், என்ன செய்தார் என்பதை அவர்கள் சொன்னார்கள். கேட்கப்பட்ட போதெல்லாம் சொன்னார்கள். பட்டியல் வகுப்பினர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி அம்மையார் நேரிற்சென்று விசாரித்து அறிக்கை அளித்தார். 1995ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்புவித்தது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். வழக்கு முடியுமுன் அவருள் 54 பேர் இறந்துபோயினர். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி அமர்வு நீதிமன்றம், எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே எனத் தீர்ப்பளித்தது. வனத்துறையினர் 126 பேர், காவல்துறையினர் 84 பேர், வருவாய்த்துறையினர் ஐவர்.

நிகழ்ச்சிக்கும் தீர்ப்புக்கும் இடையே கழிந்தவை பத்தொன்பது ஆண்டுகள். எமக்கு இப்போது வயது பத்தொன்பது. யாம் பிறந்து, தவழ்ந்து, எழுத்தறிந்து, கல்லூரி புகுந்து, இக்கட்டுரையை எழுதும் இந்நாள் வரை எத்தனை காலமோ, அத்தனை காலமும் அப்பெண்கள் தாம் கண்டதையே சொல்லிக்கொண்டு காத்திருந்தனர் என்று எண்ணும்போது எம் எழுதுகோல் சிறிது நிற்கின்றது.

தண்டனை பெற்றோரின் முறையீட்டைச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி வேல்முருகன் விசாரித்தார். 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் தாமே வாச்சாத்திக்குச் சென்று அவ்விடத்தைப் பார்வையிட்டார். ஏட்டிற் படித்ததோடு அமையாது, தம் கண்ணாலும் காண விரும்பினார் போலும். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள், முன்னைத் தீர்ப்பு வந்து சரியாகப் பன்னீராண்டு நிறைந்த அந்நாளில், முறையீடுகள் யாவற்றையும் தள்ளினார். துன்புற்றோர் சாட்சியம் முரணின்றி இயைந்து நம்பத்தக்கதாக உளது என்பது அவர் கண்ட முடிபு. பதினெண்மருக்கும் தலைக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு அளிக்குமாறும், அதிற் பாதியைக் குற்றவாளிகளிடம் பெறுமாறும் ஆணையிட்டார்.

பிறவிக் குருடராயிருந்து பார்வை பெற்ற ஒருவரின் வரலாற்றை யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் நாம் படித்திருக்கின்றோம். கற்றறிந்த பரிசேயர் அவரை இருமுறை அழைத்து, குணமாக்கியவர் பாவியென்று ஒப்புக்கொள்ளும்படி நெருக்கினர். அவரோ, அவர் பாவியா என்பதைத் தாம் அறியாரென்றும், முன்பு பார்வையின்றி இருந்து இப்போது காண்பது ஒன்றையே தாம் அறிவதாகவும் விடை பகர்ந்தார். கருத்தைக் கேட்டார்க்குக் காட்சியை மட்டுமே தந்த அச்சாட்சியை அவர்களால் அசைக்க முடியவில்லை. வெளியே தள்ளத்தான் முடிந்தது. வாச்சாத்திப் பெண்களும் அவ்வழி நின்றவர்களே.

ஆகவே நண்பர்களே, இச்சட்டவிதிகள் யாவும் நமக்கு ஒரு சிறு பாடத்தைப் புகட்டுகின்றன. கண்டவர் கண்டதைச் சொல்லுக. கருதியவர் எதைக் கண்டு கருதினார் என்பதையும் உடன் சொல்லுக. கேட்பவர், சொல்லியவர் பெரியவரா சிறியவரா என்று நோக்காது, அச்சொல் எதன்மேல் நிற்கின்றது என்பதை நோக்குக. யார் சொல்லினும் மெய்ப்பொருள் காண்பதே அறிவென்று வள்ளுவர் வகுத்த நெறியும் இதுவே. நம்முட் பலர் நாளை ஆசிரியராகவும், மருத்துவராகவும், வழக்குரைஞராகவும், அரசு அலுவலராகவும் ஆவோம். நம் சொல்லை ஊரார் நிபுணர் சொல் என்று நம்புவர். விடுதியில் ஒரு பொருள் காணாமற்போனால் இன்னானே எடுத்திருப்பான் என்று காரணமின்றிச் சொல்லும் நாவு, நாளை பதவியில் அமர்ந்தும் அவ்வாறே சொல்லும். அன்று அதனைக் கேட்டு அஞ்சி நிற்பவர் ஏழையராக இருத்தல் கூடும். இன்றே அந்நாவைப் பழக்குவோம். சிலம்பைத் திறந்து பார்த்தபின் பேசுவோம்.